காணிப்பாக்கத்துச் சத்தியமும் ககன மார்க்கமும்

சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் காணிப்பாக்கத்தை அறியாதார் இலர். பாகுதா நதிக்கரையில் கோயில் கொண்டுள்ள வரசித்தி விநாயகர் சந்நிதியில் சத்தியப் பிரமாணம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. "கொடுத்தேன்" என்பான் ஒருவன். "வாங்கவில்லை" என்பான் மற்றொருவன். ஊர்ப் பஞ்சாயத்தில் தீராத வழக்கும் அங்கே தீர்ந்துவிடும் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. திருக்குளத்தில் முழுகி எழுந்து சந்நிதியில் நின்று பொய் சொல்ல எவருக்கும் நா எழாது என்பர்.

அக்கோயிலுக்கு மேலே உள்ள வானத்தில் இரவும் பகலும் ஆகாய விமானங்கள் சென்றுகொண்டிருக்கின்றன. துபாயிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகள் அவற்றுள் இருக்கக்கூடும். தண்டவாளம் இல்லை, கைகாட்டி மரம் இல்லை, எல்லைக்கல் இல்லை. ஆயினும் ஒன்றோடொன்று மோதாமல் செல்கின்றன. இஃது எங்ஙனம் இயல்கின்றது? சற்று ஆராய்ந்து பார்த்தால், அங்கும் காரியம் ஒரு சத்தியத்தின்மேல்தான் நடக்கிறது என்பது விளங்கும். "நான் இன்ன இடத்தில், இன்ன உயரத்தில் இருக்கிறேன்" என்று விமானம் சொல்லும் சொல் மெய்யாக இருத்தல் வேண்டும். ஆகாயப் போக்குவரத்தைப் புதுப்பிக்க உலகெங்கும் நடக்கும் ஆராய்ச்சிகளின் சாரம், அச்சொல்லை மேன்மேலும் மெய்யாக்குவதேயாகும்.

இருப்புப் பாதை கற்பித்த பாடம்

நாம் விமான நிபுணர் அல்லோம். இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்து வருபவர். ஆதலால் நமக்குத் தெரிந்த துறையிலிருந்து தொடங்குவோம்.

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் பாதை ஒற்றைப் பாதையாக அமைந்தது. 104 கிலோமீட்டர் நீளமுள்ள இதனை இரட்டைப் பாதையாக்க 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் மத்திய அமைச்சரவை இசைவு அளித்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது இரயில்வேயின் மூல விதி. முன்னால் உள்ள நிலையத்தாரைக் கேட்டு 'லைன் கிளியர்' பெற்ற பின்னரே வண்டியை விடுவர். கேட்டது மெய், கிடைத்த விடையும் மெய் என்பதற்கு அத்தாட்சியாக இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் 'பிரைவேட் நம்பர்' மாற்றிக்கொண்டு பதிவேட்டில் எழுதுவர். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வண்டி நகர்வதில்லை.

ஆகாயத்திலும் மூல விதி இதுவே. பாதைக்குப் பதில் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். பொதுவாகக் கிழக்கு நோக்கிப் பறப்பவை ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கு நோக்கிப் பறப்பவை இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்கும். ஆகவே, எதிரெதிரே வரும் விமானங்களுக்கிடையே குறைந்தது 1,000 அடி இடைவெளி உண்டு. 29,000 அடிக்கு மேலே காற்று மெலிந்து உயரமானியின் கணக்குத் தளர்ந்துவிடும் என்பதால், அங்கே முன்னாளில் 2,000 அடி விட்டார்கள். நுட்பமான கருவிகளைப் பொருத்தி, அவற்றின் சொல்லை நம்பலாம் என்று ஆண்டுக்கணக்கில் அளந்து மெய்ப்பித்த பிறகே, 2003ஆம் ஆண்டு நவம்பர் 27 முதல் நம் நாட்டு வானத்தில் 41,000 அடி வரையில் அந்த இடைவெளி 1,000 அடியாயிற்று. வானம் பெரிதாகவில்லை, கருவியின் சொல் உறுதியாயிற்று. அதனால் அதே வானத்தில் ஏறக்குறைய இரு மடங்கு பாதைகள் கிடைத்தன.

சர்க்கி தாத்ரி

அச்சொல் தவறினால் விளைவது யாது என்பதையும் நம் நாடு கண்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, ஹரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்று தில்லியிலிருந்து புறப்பட்டுச் சவூதி அரேபியா சென்றது. மற்றொன்று கஜகஸ்தானிலிருந்து தில்லிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். வானில் விமானங்கள் மோதிய விபத்துகளுள் இதனினும் பெரியது உலகில் இல்லை. சவூதி விமானத்தில் சென்றவர்களுள் மிகப் பலர், நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே, பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்ற தொழிலாளர்கள்.

இறங்கிய விமானத்துக்கு 15,000 அடியில் நிற்கும்படி உத்தரவு. ஏறிய விமானத்துக்கு 14,000 அடி. இறங்கியது தன் உயரத்தில் நில்லாமல் மேலும் தாழ்ந்துவிட்டது. அந்நாளில் அங்கு வழங்கிய ராடார் கருவி, விமானம் எத்திசையில் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று காட்டியதேயன்றி, எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று காட்டவில்லை. திரையில் இரு புள்ளிகள் நெருங்குவதைக் கண்ட அதிகாரிக்கு, இடையில் ஆயிரம் அடி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் காண வழியில்லை. ரேடியோவில் கேட்ட சொல்லை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்வழி இருந்தது மற்றொரு காரணம்.

அதன் பின்னர் வருவழியும் போவழியும் பிரிக்கப்பட்டன. உயரத்தையும் தானே அறிவிக்கும் ராடார் முறை பயனுக்கு வந்தது. எதிரே வரும் விமானத்தைக் கண்டு விமானியை எச்சரித்து, "ஏறு", "இறங்கு" என்று சொல்லும் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. நம் இரயில்வேயில் இன்று 'கவச்' என வழங்கும் காப்புக் கருவிக்குத் தொடக்கத்தில் இட்ட பெயரும் இந்த விமானக் கருவியின் பெயரை ஒட்டியதே. இருப்புப் பாதையும் ஆகாயப் பாதையும் ஒன்றிடம் ஒன்று பாடம் கேட்கின்றன என்பதற்கு இதுவும் சான்று.

ராடாரிலிருந்து செயற்கைக் கோளுக்கு

ராடார் என்பது தரையில் நின்று விமானத்தைத் தேடும் கண். மலைக்கு அப்பாலும் நடுக்கடலிலும் அக்கண் எட்டாது. ஆதலால், விமானமே தன் இடத்தை அறிந்து, நொடிதோறும் தானே சொல்லிக்கொண்டு செல்லும் முறையை நாடலாயினர். அமெரிக்கா 2003ஆம் ஆண்டில் சட்டமியற்றி 'நெக்ஸ்ட்ஜென்' என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. ஐரோப்பிய நாடுகள் 'செசார்' என்னும் கூட்டு ஆராய்ச்சியை மேற்கொண்டு, 2007ஆம் ஆண்டில் அதற்கென ஒரு பொது நிறுவனமும் கண்டன. இரண்டின் நோக்கமும் ஒன்றே: தரையிலுள்ள நிலையங்களைத் தொட்டுத் தொட்டுக் கோணல் வழியே செல்லாமல், நேர்வழியில், குறைந்த எரிபொருளில், நெருக்கமாகவும் அதே சமயம் பத்திரமாகவும் விமானங்களை நடத்துவது.

விமானம் தன் இடத்தை அறிவது எங்ஙனம்? நம் கைபேசியில் வழி காட்டும் ஜி.பி.எஸ். முறையால்தான். குறைந்தது நான்கு செயற்கைக் கோள்கள் அனுப்பும் குறிகள் வந்து சேரும் காலத்தைக் கணக்கிட்டு இடத்தை அறிவது அம்முறை. அமெரிக்க அரசு அக்குறிகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. ஆயினும் இயற்கை கலக்கும் பிழை நீங்கவில்லை. தெருவைத் தேடுபவருக்குப் பத்து மீட்டர் தவறினால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்; அவ்வளவே. மழை மேகத்துக்குள் ஓடுபாதையைத் தேடி இறங்கும் விமானிக்கு உயரத்தில் அவ்வாறு தவறலாமா?

காதங்கியின் ஆயிரம் கொம்புகள்

இயற்கை கலக்கும் பிழைகளுள் பெரியது, அயனி மண்டலத்தால் வருவது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு அப்பால், சூரிய ஒளி பட்டு வாயு அணுக்கள் சிதைந்து மின்துகள்களாகத் திரிகின்றன. கோள்களின் குறி இம்மண்டலத்தைக் கடக்கும்போது தாமதப்படும். தாமதம் என்றால் தூரக் கணக்குத் தவறும்.

பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்னாட்டின் மீது செல்கிறது. 1963ஆம் ஆண்டில் தும்பாவில் ராக்கெட் நிலையம் அமைந்ததற்கு இதுவே காரணம். இக்கோட்டின் மேலே பகற்பொழுதில் மின்துகள்கள் நீரூற்றுப் போல் எழுந்து வடக்கிலும் தெற்கிலும் சென்று விழுகின்றன. அந்தி சாய்ந்த பின் சில நாட்களில் பெருங்குமிழ்கள் கிளம்பிக் குறிகளைக் கலக்கிவிடுகின்றன. ஆகவே, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயன்பட்ட கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. நம் வானத்தை நாமே அளந்தாக வேண்டும்.

இவ்வகை அளவைக்குப் பெயர்பெற்ற ஓரிடம் நம் அருகிலேயே உள்ளது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, பாகாலாவை அடுத்த காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கே பெரியதொரு ராடார் அமைக்கப்பட்டது. அஃது உருண்டைக் கிண்ணம் போன்றதன்று. 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள திடலில் 1,024 உலோகக் கொம்புகள், நாற்று நட்டாற்போல் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை வானத்தை நோக்கி ரேடியோ அலைகளை விடுத்து, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு, பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் வேகத்தையும், அதற்கும் மேலே அயனி மண்டலத்தின் கலக்கங்களையும் அளக்கின்றன. அவ்வழியே பஸ்ஸில் செல்லும் நம்மவர் பலர், அதன் பெயர்ப் பலகையைப் படிக்காமலே சென்றிருப்பர்.

கடலில் விழுந்த கோள்

ஜி.பி.எஸ். குறிகளைத் திருத்தித் தரும் இந்தியத் திட்டத்துக்கு 'ககன்' என்று பெயர். ககனம் என்றால் வானம் என்பது நம் நிகண்டுகளும் சொல்வதே. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் கூடி இதனை மேற்கொண்டன.

இதன் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. ஜம்மு முதல் திருவனந்தபுரம் வரை, போர்பந்தர் முதல் திப்ரூகர் வரை, போர்ட் பிளேர் உட்பட, 15 நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தை முன்னரே மிகத் திருத்தமாக அளந்து வைத்திருக்கிறது. கோள்களின் குறி கொண்டு கணக்கிட்ட இடமும் உண்மையான இடமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அந்நிலையங்கள் இடைவிடாது பார்த்துப் பெங்களூருக்கு அறிவிக்கின்றன. தன் நிலையை ஐயமற அறிந்தவன்தான் பிறர் பிழையைச் சொல்ல முடியும் அன்றோ? பெங்களூரில் திருத்தம் கணிக்கப்பட்டு, செயற்கைக் கோள் வழியாக விமானங்களுக்கு அனுப்பப்படுகிறது.

இத்திட்டம் இடர் இன்றி நிறைவேறவில்லை. ககன் கருவியைத் தாங்கிய ஜிசாட்-4 என்னும் கோள் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துள்ளது. நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினுக்கு அதுவே முதல் ஓட்டம். எஞ்சின் நிலைத்து எரியவில்லை. பல ஆண்டுகளின் உழைப்பு வங்கக் கடலில் வீழ்ந்தது. விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டு மே 21ஆம் நாள் தென் அமெரிக்காவிலுள்ள கூரு தளத்திலிருந்து ஜிசாட்-8 மேலே சென்றது. 2012இல் ஜிசாட்-10, 2015இல் ஜிசாட்-15 பின்தொடர்ந்தன. கடலில் விழுந்த எஞ்சினின் குறைகளையும் களைந்து, 2014ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே வெற்றி கண்டனர்.

தவற்றை உடனே சொல்லும் கருவி

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். ககன் முறை இடத்தைத் திருத்தமாகச் சொல்கிறது என்பது பெருமைதான். அதனினும் பெருமை வேறொன்று உண்டு. தன் சொல் நம்பத்தகாததாகிவிட்டால், "என்னை நம்பாதே" என்று அதுவே உடனே சொல்லிவிடுகிறது.

இதற்கு உலக விதி உண்டு. ஓடுபாதையை நோக்கி உயர வழிகாட்டுதலுடன் இறங்கும் முதற்படித் தரத்துக்கு, குறியில் தவறு நேர்ந்தால் 10 விநாடிக்குள் விமானியை எச்சரித்தாக வேண்டும். எச்சரிக்காமல் தவறாக வழிகாட்டும் வாய்ப்பு, ஒரு கோடி முறை இறங்குவதில் இரண்டுக்கு மேற்படக் கூடாது. காணிப்பாக்கத்தில் பிரமாணம் செய்வோனும் இவ்வளவு கடுமையான நிபந்தனைக்கு உட்பட்டவன் அல்லன்!

இந்தத் தேர்வில் ககன் இரு படிகளாகத் தேறியது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், வழிப் பிரயாணத்துக்கு 2013ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாளும், உயர வழிகாட்டுதலுடன் இறங்குவதற்கு 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாளும் சான்று வழங்கிற்று. அயனி மண்டலம் மிகக் கொந்தளிக்கும் காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இவ்வகைச் சான்று பெற்ற முதல் அமைப்பு இதுவே.

பயன் வீடு வந்து சேர்ந்ததா?

பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழிகாட்டும் நிலக் கருவிகள் உண்டு. அவை விலை உயர்ந்தவை. சிறு நகரங்கள் எல்லாவற்றுக்கும் வாங்கி வைத்துப் பராமரிப்பது எளிதன்று. ககன் முறைக்கு அவ்வோடுபாதையில் அக்கருவி வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இராஜஸ்தானத்துக் கிஷன்கர் என்னும் சிறு விமான நிலையத்தில், இண்டிகோ நிறுவனத்தின் விமானம் ஒன்று இம்முறையால் சோதனையாக இறங்கிக் காட்டியது. ஆசிய பசிபிக் நாடுகளில் அதுவே முதல் முறை. சிறு ஊர்களில் மூடுபனியாலும் மழையாலும் விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போகும் தொல்லையை இது குறைக்கவல்லது.

எனினும், விருந்து சமைத்தாகிவிட்டது, இலை போடவில்லை என்னும் நிலை நெடுநாள் இருந்தது. 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து புதிதாகப் பதிவாகும் விமானங்கள் எல்லாவற்றிலும் ககன் ஏற்பிகள் இருத்தல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுக் கொள்கை கூறியது. பின்னர் அக்கெடு தள்ளிவைக்கப்பட்டது. பொதுப் பணத்திலும் விஞ்ஞானிகளின் உறக்கமற்ற இரவுகளிலும் விளைந்த பயன், கருவி பொருத்தும் செலவைக் கருதித் தாமதப்படுவது முறையாகுமா? ஆராய்ச்சி முடிந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணுவது, நெல்லை அறுத்துக் களத்திலேயே விட்டுவிடுவது போலாகும்.

வேறு இரு கவலைகளும் உண்டு. சண்டை நடக்கும் நாடுகளுக்கு அருகே பொய்யான ஜி.பி.எஸ். குறிகளைப் பரப்பி விமானங்களை மயக்கும் தீச்செயல் அண்மை ஆண்டுகளில் மிகுந்துள்ளது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் நம் நாட்டு இயக்ககமும் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. ஆகவே பழைய நிலக் கருவிகளை அடியோடு கைவிடலாகாது. மற்றொன்று: 2025ஆம் ஆண்டு நவம்பரில் தில்லி விமான நிலையத்தில் செய்திகளைத் தானே பிரித்தனுப்பும் கணிப்பொறி அமைப்புப் பழுதடைந்தது. பறப்புத் திட்டங்களை அதிகாரிகள் கையாலேயே தயாரிக்க நேர்ந்தது. நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. காலம் எவ்வளவு கடந்தாலும் எவர் உயிருக்கும் இடர் நேராமல் காத்தது, கையால் வேலை செய்யத் தெரிந்த மனிதர்களே. இரயில்வேயில் சிக்னல் பழுதானால் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வண்டி விடும் எங்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

நம் நாட்டிலேயே கட்டுப்பாட்டு அமைப்புகளைச் செய்துகொள்ளும் முயற்சியும் தொடங்கியுள்ளது. விமான நிலைய ஆணையமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் 2021ஆம் ஆண்டில் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன.

நம் பிள்ளைகளுக்கு

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத் துறை என்றால் விமானி ஆவது ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதற்கு ஆகும் செலவைக் கேட்டு மலைத்துவிடுகிறோம். வானில் விமானங்களை நடத்தும் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கு, கணிதமும் பௌதிகமும் பாடமாகக் கொண்ட விஞ்ஞானப் பட்டமோ பொறியியல் பட்டமோ இருந்தால் ஆணையத்தின் தேர்வை எழுதலாம். ஆங்கிலம் தெளிவாகப் பேச வேண்டும். சர்க்கி தாத்ரி விபத்துக்குப் பின் உலக நாடுகள் இதனை மிகவும் வலியுறுத்துகின்றன. இவற்றோடு, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத பழக்கமும் வேண்டும். அது எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படுவதன்று. வீட்டில் வர வேண்டியது.

காணிப்பாக்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அன்பர்கள், திரும்புகையில் காதங்கியின் பெயரையும் அவர்கள் காதில் போடுவார்களாக. நம் மாவட்டத்து வயல்களுக்கு நடுவே நின்று வானத்தை அளக்கும் வேலை ஒன்று நடக்கிறது என்றும், அவ்வேலைக்குக் கணக்கும் பொறுமையும் உண்மையும் வேண்டும் என்றும் சொல்வார்களாக. கேட்ட நூறு பேரில் ஒரு பிள்ளை அதனை மனத்தில் கொண்டாலும் போதும். கடல் கடந்து செல்லும் நம் மக்களின் பயணத்துக்கு அதுவும் ஒரு காப்பாகும்.